பதினொன்று புள்ளி நான்கு

முன்பு ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி.
சைரன் இருந்த ஓட்டை வழியாக
இப்போது சோலார் ஒயர் இறங்குகிறது.
மேலே நீலம் அடித்த பிறகும்
முகப்பில் அந்தத் தலைகீழ் எழுத்துகள்
வெயில் சாயும்போது மெல்ல மேலெழும்.
முன்னால் போகிறவனின் கண்ணாடியில் மட்டும்
அவை நேராக நிற்கும்.

பொங்கலுக்குக் கோடியக்கரை என்று சொல்லியிருந்தோம்.
பொங்கல் போய்
அக்னி நட்சத்திரமே வந்துவிட்டது.
சரி, ஒத்திகையாவது பார்ப்போம் என்று
கொளத்தூரில் எங்கள் ஃபிளாட் வாசலிலேயே
வண்டிக்குள் ஒரு ராத்திரி.
"வீட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"
வாட்ச்மேன் தணிகாசலம் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்.
"ஃப்ரிட்ஜை டெஸ்ட் பண்றோம்" என்றான் எபி.
அவர் நம்பவில்லை.
போகிறபோது என்னை மட்டும்
ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தைந்து வாட். இருபது லிட்டர்.
உள்ளே ஒரு டப்பா இட்லி மாவு, தயிர்,
பாதி எலுமிச்சை, எபியின் கண் சொட்டு மருந்து.
மல்டிமீட்டரை அவன் நம்புவான்.
நான் மாவை நம்புகிறவள்:
காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றால்
ராத்திரி எப்போதோ கரண்டு போயிருக்கிறது.

ரிச்சி தெருவில் இத்ரீஸ் பாய் அன்றைக்கே சொன்னார்:
"பேட்டரி ஒண்ணும் குறையில்ல.
ஆனா ஒன்றரை ஸ்கொயர் ஒயர் பத்தாது.
ஆறு போடுங்க.
இல்லன்னா போற வழியிலயே செலவாயிடும்."
எபி இரண்டின் விலையும் கேட்டான்.
ஒன்றரையை வாங்கினான்.
எங்கள் வீட்டுக்கு வருகிற சம்பளத்தைப் பற்றித்தான்
பாய் பேசுகிறார் என்று நான் சிரித்தேன்.

மூன்று மணிக்குக் கம்ப்ரசர் நின்றது.
அந்த அமைதியில் விழித்துக்கொண்டேன்.
சிவப்புப் புள்ளி இமைக்கிறது.
பேட்டரி முனையில் பன்னிரண்டு வோல்ட்.
பெட்டியின் முனையில் பதினொன்று புள்ளி நான்கு.
அதற்குக் கீழே ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேனென்று
தொழிற்சாலையிலேயே சத்தியம் செய்துவிட்ட பெட்டி.
நடுவில் ஐந்து மீட்டர் ஒயர்.
இணைப்பைத் தொட்டேன், வெதுவெதுப்பு.
காணாமல்போன அரை வோல்ட்டுக்கு மேல்
என் விரல்நுனியில்தான் இருந்தது.

"மேலேர்ந்து எக்ஸ்டென்ஷன் விடட்டுமா?"
மூன்றாவது மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்தான்.
"அதுக்கு அங்கேயே படுத்திருக்கலாமே" என்றேன்.
பிறகு யோசிக்காமல் சொன்னேன்:
"வண்டியை எடு."

தணிகாசலம் கேட்டைத் திறந்தபடி
அவனைக் கவலையோடு பார்த்தார்.
என்ஜின் உறுமியதும்
பதின்மூன்று புள்ளி எட்டு.
ஒயர் தின்றது போகவும் மிச்சம்.
பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு
மறுபடி முனக ஆரம்பித்தது.
ஓடினால்தான் குளிரும் என்றால், ஓடு.
பெரம்பூர் பாலம். வியாசர்பாடி.
நாய்கள் மட்டும் விழித்திருக்கும் கடைத்தெரு.
முன்னால் போன குப்பை லாரி
கண்ணாடியில் எதையோ படித்துவிட்டு
அவசரமாக ஒதுங்கி வழிவிட்டது.
அதற்குக் கையெடுத்து மன்னிப்புக் கேட்டோம்.

காசிமேட்டில் பகல் முன்பே தொடங்கியிருந்தது.
உடைத்த ஐஸ் மேல் சங்கரா.
அரைக் கிலோ வாங்கினேன்.
அதைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்த அந்தோணியம்மா
கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.
"சில்லுன்னுதான் கீது. கரண்டுக்கு இன்னா பண்றே?"
சொன்னேன்.
பேட்டரி, பலகை, ஒயர், ஒன்றரை, ஆறு.
முழுக்கக் கேட்டுவிட்டு
இரண்டு கை ஐஸ் அள்ளி உள்ளே போட்டாள்.
"இதையும் வெச்சுக்கோ.
பாவம், ஒண்டியா கஷ்டப்படுது."

கடல் பக்கம் வெளுத்தது.
கூரையில் பலகை கண்விழித்து
கால் ஆம்பியர் என்றது.
மாவு இன்னும் மூடிக்குக் கீழேதான்.
கோடியக்கரைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
இத்ரீஸ் பாய் கடை திறக்கப் பத்து மணி ஆகும்.
எபி சாவியில் கை வைத்தான்.
"அணைக்காதே" என்றேன்.